சர்வீஸ் முடிந்து வந்த கார் தகராறு செய்கிறதா? அறிகுறியை வைத்துக் காரணம் கண்டுபிடிப்பதும், விபத்தானால் யார் பொறுப்பு என்பதும்

பட்டறையிலிருந்து வெளியே வந்த காரின் முதல் நூறு கிலோமீட்டர்தான் அந்த வேலைக்கு உண்மையான பரீட்சை. கழற்றி மாட்டிய பாகம் ஜாக்கியின் மேல் நிற்கும்போது தன் குறையைக் காட்டாது. எடை ஏறி, சூடு ஏறி, நாலு குழியில் இறங்கி ஏறிய பிறகுதான் காட்டும். பெடலிலோ ஸ்டீயரிங்கிலோ, சத்தத்திலோ வாசனையிலோ பெரும்பாலும் தெரிந்துவிடும். அப்போதே வண்டியை ஓரம் கட்டுபவர் தப்பித்துக்கொள்கிறார். "கொஞ்சம் ஓடினா செட் ஆயிடும் சார்" என்பதை நம்பி ஓட்டுபவர் தன் உயிரோடு அடுத்தவர் உயிரையும் பணயம் வைக்கிறார். சட்டத்தின் முன் தன் பக்கத்தையும் பலவீனமாக்கிக்கொள்கிறார்.

எப்படி என்றால், மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 190ஆவது பிரிவு, ஆபத்தான குறையோடு வண்டி ஓட்டுபவரையும் ஓட்ட விடுபவரையும் தண்டிக்கிறது. குறை அவருக்குத் தெரிந்தே இருக்க வேண்டும் என்பதில்லை. சாதாரணமாகக் கவனித்திருந்தாலே தெரிந்திருக்கும் என்றால் போதும். அந்தக் குறையால் விபத்தாகி ஆளுக்குக் காயமோ பொருளுக்குச் சேதமோ வந்தால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மெக்கானிக் செய்த தப்புக்கு மெக்கானிக்தான் பொறுப்பு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அறிகுறி தெரிந்த பிறகும் சாவியைத் திருப்பினால் அந்தப் பொறுப்பில் ஒரு பங்கை நாமே வாங்கிக்கொள்கிறோம். அவருடைய தப்புக்கும் விபத்துக்கும் உள்ள தொடர்பை நிரூபிக்க வேண்டிய வேலையும் நம்முடையதாகிவிடுகிறது.

உங்கள் வண்டியில் பார்த்த அறிகுறியைக் கீழே தேடிப் படியுங்கள். பிரேக்கையும் சக்கரத்தையும் பற்றி நீளமாக எழுதியிருக்கிறேன். அவசரம் என்றால் அந்த இரண்டையும் மட்டுமாவது படித்துவிடுங்கள்.

பிரேக் பெடல் மெத்தென்று உள்ளே போகிறது

பேடு (டிஸ்கைப் பிடித்து நிறுத்தும் பிரேக் கட்டை) மாற்றிய வண்டியில் முதல் மிதி மட்டும் தரைவரை போய், மூன்று நான்கு முறை மிதித்ததும் பெடல் மேலே வந்து கெட்டியாக நின்றால் காரணம் இதுதான்: புதிய பேடுக்கு இடம் வேண்டி காலிபர் பிஸ்டனை (பேடை டிஸ்கின் மேல் அழுத்தும் உருளையை) உள்ளே தள்ளியிருக்கிறார்கள், பிறகு பெடலை மிதித்து அதை வெளியே கொண்டுவராமலேயே வண்டியைக் கொடுத்துவிட்டார்கள். அதன்பின் கோளாறு இல்லை. ஆனால் அந்த முதல் மிதி பட்டறை வாசலைத் தாண்டி, முன்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சாலையைக் கடக்கும்போது நடந்திருந்தால்? அதனால் பிரேக் வேலை பார்த்த வண்டியை நகர்த்தும் முன், நின்ற இடத்திலேயே என்ஜினை ஓடவிட்டுப் பெடலைப் பலமுறை மிதித்துப் பாருங்கள். ஒரு நிமிட வேலை.

மிதிக்க மிதிக்கப் பெடல் ஏறி, சிறிது நேரம் விட்டு மிதித்தால் மறுபடி இறங்கினால் பிரேக் ஆயில் லைனில் காற்று இருக்கிறது. ஏர் எடுக்கும் வேலையைச் சரியாக முடிக்கவில்லை. பெடலை ஒரே அழுத்தமாகப் பிடித்திருக்கும்போது மெதுவாக உள்ளே இறங்கிக்கொண்டே போனால் மாஸ்டர் சிலிண்டர் (பெடலின் அழுத்தத்தைப் பிரேக் ஆயிலுக்குக் கொடுக்கும் பாகம்) உள்ளே ஒழுகுகிறது, அல்லது எங்கோ ஒரு இணைப்பு வெளியே கசிகிறது. பானட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவில் அளவு இரண்டு கோட்டுக்கு நடுவில் இருக்கிறதா பாருங்கள். நான்கு சக்கரங்களின் உள்பக்கத்திலும், ஹோஸ் வந்து சேரும் இடத்திலும் டார்ச் அடித்து ஈரம் இருக்கிறதா பாருங்கள். இந்த இரண்டு அறிகுறிக்கும் பதில் ஒன்றே: வண்டியை எடுக்காதீர்கள். மெக்கானிக் வரட்டும், அல்லது டோயிங் வரட்டும்.

பெடல் கல்லாக இறுகிப்போய், பலம் கொடுத்து மிதித்தாலும் வண்டி நிற்கத் தயங்கினால் பூஸ்டரை (மிதியின் பலத்தைக் கூட்டிக் கொடுக்கும் பாகத்தை) சோதியுங்கள். என்ஜினை அணைத்துவிட்டு நான்கைந்து முறை மிதியுங்கள். மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் பூஸ்டருக்குப் போகும் வேக்குவம் ஹோஸை மாட்டாமல் விட்டிருக்கலாம், அல்லது அது கிழிந்திருக்கலாம். என்ஜின் வேலை முடிந்த வண்டிகளில் முதலில் பார்க்க வேண்டிய ஹோஸ் அது.

இதில் மன்னிக்கவே முடியாத தப்பு ஒன்று உண்டு. பிரேக் ஆயில் டப்பாவில் பவர் ஸ்டீயரிங் ஆயிலையோ என்ஜின் ஆயிலையோ ஊற்றிவிடுவது. பிரேக்கில் உள்ள ரப்பர் சீல்கள் டாட் 3, டாட் 4 வகை பிரேக் திரவத்துக்காகச் செய்யப்பட்டவை. அந்த மாதிரி மினரல் ஆயில் பட்டால் ஊதிப் பெருத்து பிஸ்டனைப் பிடித்துக்கொள்ளும். ஓடிய சில கிலோமீட்டரில் சக்கரம் கொதிக்கும், பிரேக் தானாகவே பிடித்தபடி நிற்கும், பிறகு ஒரேயடியாகக் கைவிடும். டப்பாவின் மூடிக்குள் இருக்கும் ரப்பர் உறை உப்பிப்போய் மூடியில் உட்கார மறுத்தால் அதுவே சாட்சி. "ஃப்ளஷ் பண்ணிட்டேன்" என்று சொன்னால் ஏற்காதீர்கள். ஆயில் தொட்ட ரப்பர் பாகம் அத்தனையும் மாற்றப்பட வேண்டும்.

புதுப் பேடு போட்ட முதல் சில நாட்கள் லேசாகக் கீச்சிடுவதும், பிடிப்பு கொஞ்சம் குறைவாக இருப்பதும் இயல்பு. பேடும் டிஸ்கும் ஒன்றோடொன்று தேய்ந்து படிய வேண்டும். அந்த நாட்களில் முன் வண்டிக்கு இடைவெளி அதிகம் விட்டு ஓட்டினால் போதும்.

ஓடும்போதே பிரேக் கைவிட்டால்: பெடலை விடாமல் பம்ப் செய்யுங்கள், கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள், ஹேண்ட் பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுங்கள். ஒரேயடியாக இழுத்தால் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சுழலும். என்ஜினை அணைக்க வேண்டாம், ஸ்டீயரிங் பலம் போய்விடும்.

வேகத்தோடு கூடும் "டக் டக்" சத்தம், சக்கரம் ஆடுவது போன்ற உணர்வு

ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும், பெரும்பாலும் எண்பதை ஒட்டி, ஸ்டீயரிங் நடுங்கி அதைத் தாண்டியதும் அடங்கினால் பேலன்சிங் எடை விழுந்திருக்கும். பயமில்லை, மெதுவாகப் போய்ச் சரிசெய்துகொள்ளலாம். மெதுவான ஓட்டத்திலேயே ஆரம்பித்து, வேகத்தோடு சேர்ந்து கூடும் தட்டல் சத்தம் அப்படிப்பட்டதல்ல. வீல் நட்டு தளர்ந்திருக்கிறது என்றே வைத்துக்கொண்டு உடனே ஓரம் கட்டுங்கள். அடுத்த பெட்ரோல் பங்க் வரை போகலாம் என்று நினைக்க வேண்டாம்.

இங்கே தப்பு எப்படி நடக்கிறது என்று விளக்குகிறேன். டயரை மாற்றியதும் ஏர் கன்னை எடுத்து நட்டுகளை வட்டமாக ஒன்றன்பின் ஒன்றாக அடித்துவிடுவார்கள். முதல் நட்டு இறுகும்போது சக்கரம் ஒரு பக்கம் சாய்ந்து உட்காரும். மற்ற நட்டுகள் இறுகியது போலத் தெரியும், ஆனால் சக்கரம் ஹப்போடு (சக்கரம் மாட்டும் நடுப்பகுதியோடு) முழுசாகப் பொருந்தியிருக்காது. நாலு குழியில் இறங்கியதும் சக்கரம் நேராகி உட்கார, நட்டு தளரும். சரியான முறை: எல்லா நட்டையும் கையால் மரை ஏற்றி, எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்கி, வண்டியைத் தரையில் இறக்கிக் கடைசி இறுக்கத்தை டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து கொடுக்கும் ஸ்பேனரால்) கொடுப்பது. சிறிய கார்களுக்கு இது பொதுவாக 85 முதல் 110 நியூட்டன் மீட்டர் வரை இருக்கும். உங்கள் வண்டிக்கான அளவு உரிமையாளர் கையேட்டில் இருக்கிறது. ஏர் கன்னால் அளவுக்கு மேல் இறுக்குவதும் இதே அளவு ஆபத்து. ஸ்டட் (நட்டு ஏறும் மரை போட்ட கம்பி) இழுபட்டு மெலிந்து, பிற்பாடு ஒரு நாள் முறியும். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை மறுபடி இறுக்கம் பார்க்க வேண்டும். இதைத் தாங்களாகவே சொல்லி அனுப்பும் டயர் கடைக்காரரை விட்டுவிடாதீர்கள்.

வண்டியை நிறுத்திவிட்டீர்கள், இப்போது என்ன பார்ப்பது? வீல் கேப்பை எடுத்துவிட்டு ஒவ்வொரு நட்டையும் சுற்றிப் பாருங்கள். நட்டின் அடியிலிருந்து துருநிறத் தூள் கோடுகளாகக் கிளம்பி வெளிநோக்கிப் படிந்திருந்தால் அந்த நட்டுக்கும் ரிம்முக்கும் நடுவில் உராய்வு நடந்துகொண்டிருக்கிறது. அலாய் வீலில் அது கருஞ்சாம்பல் தூளாக இருக்கும். நட்டைக் கழற்றினால் ரிம்மின் துளை வட்டமாக இருக்க வேண்டும். முட்டை வடிவத்துக்கு நீண்டிருந்தால் சக்கரம் தளர்ந்தபடியே நிறைய தூரம் ஓடியிருக்கிறது. அந்த ரிம்மும் ஸ்டட்டுகளும் இனி உதவாது. இறுக்கிவிட்டு ஓட்டுவது மறுபடியும் அதே விபத்துக்கு நாள் குறிப்பது.

இந்த அடையாளங்கள் நீதிமன்றத்திலும் பேசும். மோதலின் வேகத்தில் ஒரே அடியில் ஒடிந்த ஸ்டட்டின் முகம் முழுவதும் புதிதாக, கரடுமுரடாக, பளபளப்பாக இருக்கும். பல நாளாகத் தளர்ந்து வளைந்து ஒடிந்த ஸ்டட்டின் முகத்தில் ஒரு ஓரத்திலிருந்து வரிவரியாக வளையங்கள் பரவியிருக்கும், அந்தப் பகுதி வழுவழுப்பாகவும் மங்கலாகவும் இருக்கும், கடைசியில் ஒடிந்த சிறு பகுதி மட்டும் கரடாக இருக்கும். சக்கரம் கழன்றதால் மோதியதா, மோதியதால் சக்கரம் கழன்றதா என்ற கேள்விக்கு இந்தச் சின்ன இரும்புத் துண்டு பதில் சொல்லிவிடும். அதனால்தான் உடைந்த துண்டுகளை யாரும் எடுத்து எறிய விடக் கூடாது என்று மன்றாடிக் கேட்கிறேன்.

ஒரு பக்கம் இழுக்கிறது, ஸ்டீயரிங் கோணலாக நிற்கிறது

எப்போதும் இழுத்தால் முதலில் டயர் காற்றைச் சரிபாருங்கள். பிரேக் பிடிக்கும்போது மட்டும் இழுத்தால் ஒரு பக்கக் காலிபர் ஒட்டியிருக்கிறது, அல்லது ஒரு பக்கப் பேடில் கிரீஸ் பட்டிருக்கிறது. பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு சக்கரங்களின் அருகே கையைக் கொண்டுபோனால் (தொட வேண்டாம்) எந்தப் பக்கம் கொதிக்கிறது என்று தெரியும்.

அலைன்மென்ட் செய்த பிறகு ஸ்டீயரிங் கோணலாக வந்தால் வேலை ஒழுங்கில்லை என்று பொருள், ஆனால் அது மட்டும் ஆபத்தில்லை. நாளுக்கு நாள் கோணம் மாறிக்கொண்டே போனால்தான் ஆபத்து. டை ராடின் (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பியின்) லாக் நட்டை இறுக்காமல் விட்டிருக்கிறார்கள்.

லோயர் ஆர்ம், பால் ஜாயின்ட் (சக்கரத்தை லோயர் ஆர்மோடு இணைக்கும் மூட்டு), ஷாக் அப்சார்பர், ஆக்சில் என்று கீழே கை வைத்த வண்டியில், பிரேக் அடிக்கும்போதும் ரிவர்ஸ் எடுக்கும்போதும் முன்பக்கத்தில் "கடக்" என்று ஒரு அடி கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பால் ஜாயின்ட்டைப் பிடிக்கும் போல்ட் இறுகாமல் இருக்கலாம், அல்லது நட்டு கழலாமல் காக்கும் ஸ்ப்ளிட் பின்னைப் போடாமல் விட்டிருக்கலாம். சில ரூபாய் விலையுள்ள பின் அது. பழையதையே நிமிர்த்தி மறுபடி போடுவதும் தப்பு. இந்த ஜாயின்ட் கழன்றால் சக்கரம் வெளிப்பக்கம் மடிந்து படுத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு ஓட்டுநரின் திறமைக்கு அங்கே வேலையில்லை.

ஆக்சிலரேட்டர் மேலே வரவில்லை

தண்ணீர் சர்வீஸ் முடிந்ததும் ஓட்டுநரின் காலடியில் விரிக்கும் மேட்டைத் திருப்பிப் போடும்போது கொக்கியில் மாட்டாமல் விடுவதும், வேறு வண்டியின் மேட்டைப் போடுவதும், ஒன்றின் மேல் இன்னொன்றைப் போடுவதும் சாதாரணமாக நடக்கிறது. 2009 ஆகஸ்டில் அமெரிக்காவின் சான் டியாகோ அருகே ஒரு டீலர் வாடிக்கையாளருக்குத் தற்காலிகமாகக் கொடுத்த லெக்சஸ் காரில், அந்த மாடலுக்குப் பொருந்தாத பெரிய மேட் போடப்பட்டிருந்தது. ஆக்சிலரேட்டர் அதில் சிக்கி, காரில் இருந்த நான்கு பேரும் இறந்தார்கள். அதற்குச் சில நாள் முன்பு அதே காரை எடுத்துப்போன இன்னொரு வாடிக்கையாளர், பெடல் மேட்டில் மாட்டியதை டீலர் இடத்தில் சொல்லியிருந்தார். சொன்னது மேலே போகவில்லை. ஒரு மேட்டுக்கு இவ்வளவு எழுதுவானேன் என்று கேட்பவர்களுக்காக இதைச் சொன்னேன்.

ஓட்டும்போது சிக்கினால் நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டு, பிரேக்கை ஒரே அழுத்தமாகப் பிடியுங்கள். என்ஜின் அலறட்டும். குனிந்து கையால் எடுக்க முயல வேண்டாம்.

எரிந்த வாசனை, பெட்ரோல் வாசனை

சர்வீஸ் முடிந்த முதல் சில கிலோமீட்டரில் சைலன்சர் பக்கம் லேசான புகை வருவது, சிந்திய ஆயில் எரிவதாக இருக்கலாம். அது தேய்ந்து நின்றுவிட வேண்டும். நிற்காவிட்டால் ஆயில் ஃபில்டரும் டிரெயின் போல்ட்டும் ஒழுகுகின்றனவா பாருங்கள். ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்தால் உடனே என்ஜினை அணைத்துவிடுங்கள்.

பெட்ரோல் வாசனை வந்தால் ஸ்டார்ட் செய்யவே கூடாது. ஃபில்டர் ஹோஸ் கிளிப், இன்ஜெக்டர் ஓ-ரிங் இரண்டும்தான் வழக்கமான குற்றவாளிகள். வண்டியை வெட்டவெளிக்குத் தள்ளிவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

பிளாஸ்டிக் கருகும் வாசனை என்றால் சமீபத்தில் என்ன மாட்டினீர்கள் என்று யோசியுங்கள். ஹெட்லைட், ஹார்ன், ஸ்டீரியோ, கேமரா? 60 வாட் பல்புக்காகப் போட்ட வயரில் 100 வாட் பல்பைப் போட்டால் 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் ஓடிய இடத்தில் 8 ஆம்பியருக்கு மேல் ஓடும். ரிலே (அதிக கரண்டைத் தனியாகத் தாங்கும் ஸ்விட்ச்) இல்லாமல் போட்டால் அந்தச் சூட்டை ஸ்விட்சும் வயரும் தாங்க வேண்டும். ஃப்யூஸ் அடிக்கடி போகிறது என்று 15 ஆம்பியர் இடத்தில் 30 போடுவதும், தாமிரக் கம்பியைச் சுற்றிவிடுவதும் தீ வைப்பதற்குச் சமம். ஃப்யூஸ் இருப்பது வயரைக் காப்பாற்ற. அதைக் கட்டிப்போட்டால் வயரே ஃப்யூஸாகி எரியும். ஃப்யூஸ் பாக்ஸைத் திறந்து, மூடியில் அச்சிட்ட ஆம்பியரோடு உள்ளே இருப்பதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

அறிகுறியே இல்லாத தப்பு: மோதிய பிறகு செய்த பாடி வேலை

இன்ஷூரன்ஸில் டிங்கரிங், பெயிண்ட் முடித்து வந்த வண்டி ஓட்டத்தில் எதையும் காட்டாது. அடுத்த மோதலில்தான் காட்டும். இக்னிஷன் போட்டதும் ஏர்பேக் விளக்கு எரிந்து சில வினாடியில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் விளக்கைப் பிடுங்கியிருக்கலாம். அணையவில்லை என்றால் ஏர்பேக் வேலை செய்யாமல் போகலாம். ஏர்பேக் விரிந்த வண்டியில் புதுசு போடாமல், சிஸ்டத்தை ஏமாற்ற ஒரு ரெசிஸ்டரை மாட்டி விளக்கை அணைய வைப்பதும் உண்டு. ஆகவே பில்லில் ஏர்பேக்கின் பார்ட் நம்பர் இருக்க வேண்டும், பழைய விரிந்த பையை உங்களுக்குக் காட்ட வேண்டும்.

அமெரிக்காவின் டல்லாஸில் நடந்த ஒரு வழக்கு இதில் முக்கியமானது. ஆலங்கட்டி மழையில் நசுங்கிய 2010 மாடல் ஹோண்டா ஃபிட் (இங்கே ஜாஸ் என்று ஓடிய அதே கார்) ஒன்றின் கூரையை ஒரு பாடி ஷாப் மாற்றியது. கம்பெனி சொன்ன முறை வெல்டிங். அவர்கள் பசை போட்டு ஒட்டினார்கள். இது தெரியாமல் அந்தக் காரைப் பழைய வண்டியாக வாங்கிய தம்பதி மீது 2013-இல் மழைச்சாலையில் வழுக்கி வந்த வேறொரு வண்டி மோதியது. கூரை பிரிந்து, கார் நசுங்கி, தீப்பற்றியது. மோதலுக்குப் பட்டறை காரணமல்ல. ஆனாலும் 2017-இல் ஜூரி கணக்கிட்ட சுமார் 42 மில்லியன் டாலர் நஷ்டத்தில் 31.5 மில்லியன் அந்தப் பட்டறையின் பங்கு என்று தீர்ந்தது. வேலை வாங்கியவரிடம் மட்டுமல்ல, வண்டியை அடுத்து வாங்குபவருக்கும் பட்டறை பதில் சொல்ல வேண்டும். விபத்தை உண்டாக்கினால் மட்டுமல்ல, காயத்தைக் கூட்டினாலும் பொறுப்புதான். எனக்கு இது முழுக்க நியாயமாகப் படுகிறது.

வண்டியைத் திருப்பிக் கொண்டுபோகும்போது

சண்டை போட வேண்டாம். "அண்ணே, நேத்து பிரேக் பார்த்த வண்டி, பெடல் இறங்குது, நான் எடுக்கலை, நீங்க வந்து பாருங்க" என்று போனில் சொல்லிவிட்டு, அதையே வாட்ஸ்அப்பில் ஒரு வரியாக அனுப்பிவிடுங்கள். தேதி, கிலோமீட்டர், அறிகுறி மூன்றும் இருக்கட்டும். ஓடோமீட்டரின் படம் ஒன்று எடுங்கள். அவர் "பரவாயில்லை, ஓட்டிட்டு வாங்க" என்று பதில் போட்டால் அதை அழிக்காதீர்கள். அதற்காக ஓட்டியும் போகாதீர்கள்.

பில் கேளுங்கள். ஜி.எஸ்.டி. சேர்த்தால் அதிகமாகும் என்று துண்டுச் சீட்டு கொடுத்தால் மறுத்துவிடுங்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இல் பில் தராததே முறையற்ற வணிக நடவடிக்கை. எந்த பாகம், யார் தயாரிப்பு, என்ன வேலை என்று எழுதியிருக்க வேண்டும். ஜாப் கார்டில் (வண்டியை விடும்போது பட்டறை எழுதும் வேலைச் சீட்டில்) நீங்கள் சொன்ன புகார் உங்கள் வார்த்தையிலேயே இருக்க வேண்டும். "ஜெனரல் செக்கப்" என்று எழுதிய ஜாப் கார்டு நாளைக்கு எதற்கும் உதவாது.

விபத்து நடந்துவிட்டது

முதலில் ஆள், பிறகுதான் வண்டி. 108-ஐயும் 112-ஐயும் கூப்பிட்ட பிறகு, வண்டியை நகர்த்தும் முன் படம் எடுங்கள்: கழன்ற சக்கரம், சிந்திய நட்டு, சாலையில் ஒழுகிய ஆயில், டயர் தடம், பெடல் இருக்கும் நிலை.

அடுத்து நடப்பதில்தான் பலரும் எல்லாவற்றையும் இழக்கிறார்கள். பழக்கமான இடம் என்பதால், வேலை பார்த்த அதே பட்டறைக்கே வண்டி டோயிங்கில் போய்விடுகிறது. அங்கே யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லாவிட்டாலும் உடைந்ததைக் கழற்றிப் பழைய இரும்பில் போட்டுவிடுவார்கள். அதோடு வழக்கு முடிந்தது. வண்டி காவல் நிலையத்திலோ வேறு இடத்திலோ நிற்கட்டும்.

காயமோ மரணமோ ஏற்பட்ட வழக்கில் மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியைப் பார்த்து அறிக்கை தருவார். விபத்து இயந்திரக் கோளாறால் நிகழவில்லை என்ற வரிதான் பெரும்பாலும் அதில் வரும். அந்த வரி வந்தபின் அதை மாற்றுவது மிகவும் கடினம். ஆகவே ஆய்வுக்கு முன்பே, இன்ன தேதியில் இன்ன வேலை நடந்தது, இந்தப் பாகத்தில் சந்தேகம் இருக்கிறது, குறிப்பாகப் பார்த்து எழுத வேண்டும் என்று காவல் நிலையத்துக்கும் ஆய்வாளருக்கும் எழுத்தில் கொடுத்து ஒப்புதல் வாங்குங்கள். இன்ஷூரன்ஸ் சர்வேயருக்கும் அதே கடிதம். உடைந்த பாகத்தைப் பெற்று, மூடி முத்திரையிட்டு வையுங்கள். நுகர்வோர் ஆணையம் அதை ஆய்வகத்துக்கு அனுப்பச் சட்டத்தில் இடமிருக்கிறது.

யார் பொறுப்பு?

மூன்று தனித்தனிக் கேள்விகள் இதில் இருக்கின்றன.

அடிபட்டவருக்கு யார் பணம் தருவது? மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் ஓட்டுநர், உரிமையாளர், இன்ஷூரன்ஸ் கம்பெனி ஆகியோரே பதில் சொல்ல வேண்டும். "பிரேக் திடீரென்று போய்விட்டது" என்பது தானாகவே தப்பிக்கும் வழியல்ல. கண்ணுக்குத் தெரியாத குறை என்றும், நியாயமான கவனம் அத்தனையும் எடுத்தேன் என்றும் உரிமையாளரே வாதிட்டு நிரூபிக்க வேண்டும் என்று மினு பி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1977-இலேயே சொல்லிவிட்டது. டயர் வெடித்து ஜீப் கவிழ்ந்து வழிப்போக்கர் இறந்த கௌஷ்நுமா பேகம் வழக்கில், ஓட்டுநரின் கவனக்குறைவு நிரூபிக்கப்படாவிட்டாலும் இழப்பீடு உண்டு என்று 2001-இல் தீர்ப்பளித்தது. அடிபட்டவர் மெக்கானிக்கைத் தேடி அலைய வேண்டியதில்லை என்பது சரியான ஏற்பாடு. பட்டறைப் பையன் வண்டியை எடுத்து ஆளை இடித்தாலும் இதே நிலைதான்: ரிப்பேருக்கு விடுவதே வண்டியை ஓட்ட அனுமதிப்பதாகும், ஆகவே உரிமையாளரின் இன்ஷூரன்ஸ் கொடுக்க வேண்டும் என்று குரு கோவேகர் வழக்கில் 1988-இல் தீர்ப்பு வந்தது.

உரிமையாளர் மெக்கானிக்கிடம் கேட்கலாமா? கேட்கலாம், கேட்கவும் வேண்டும். குறைபாடான சேவையால் தீங்கு வந்தால் சேவை செய்தவர் பொறுப்பு என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் 85ஆவது பிரிவு சொல்கிறது. தெரிந்த ஆபத்தை வாடிக்கையாளரிடம் மறைப்பதும், எச்சரிக்காமல் விடுவதும் அதில் அடக்கம். மாவட்டம், மாநிலம், தேசியம் என்று எந்த நுகர்வோர் ஆணையத்துக்குப் போவது என்பதை நஷ்டத்தின் அளவு தீர்மானிப்பதில்லை, நீங்கள் கட்டிய ரிப்பேர் தொகைதான் தீர்மானிக்கிறது. அதனால் கார் வழக்குகள் அநேகமாக மாவட்ட ஆணையத்திலேயே அடங்கிவிடும். ரிப்பேர் பில் 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தொடுக்கலாம். இரண்டு ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும். நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். ஆலோசனைக்கு நுகர்வோர் உதவி எண் 1915. பில்லின் அடியில் "நிர்வாகம் பொறுப்பல்ல" என்று அச்சடித்திருக்கிறதே என்று பின்வாங்காதீர்கள். அந்த வரியை மட்டும் காட்டிக் கவனக்குறைவிலிருந்து தப்ப முடியாது.

பாதிக்கப்பட்ட வழிப்போக்கருக்கும் மெக்கானிக்குக்கும் ஒப்பந்தம் இல்லை என்றாலும் பொறுப்பு உண்டு என்பது பழைய சட்டமே. இங்கிலாந்தில் 1939-இல், பட்டறையில் சரிசெய்து வந்த லாரிச் சக்கரத்தின் வளையம் கழன்று ஒரு பெண்ணின் காலில் அடித்தபோது, தகுதியான ஆளிடம் வேலை கொடுத்த லாரி உரிமையாளர் விடுவிக்கப்பட்டார், ரிப்பேர்காரர் பொறுப்பாக்கப்பட்டார்.

மெக்கானிக் சிறைக்குப் போவாரா? அலட்சியத்தால் மரணம் என்பது பாரதிய நியாய சன்ஹிதா 106ஆவது பிரிவில் ஐந்து ஆண்டு வரை தண்டனைக்குரியது. அது ஓட்டுநருக்கு மட்டும் எழுதப்பட்டதல்ல. ஆனால் சாதாரணத் தவறு போதாது, அலட்சியம் கடுமையானதாக இருந்து, அதுவே மரணத்துக்கு நேரடிக் காரணம் என்று சந்தேகமில்லாமல் நிரூபிக்க வேண்டும். முட்டை வடிவத் துளையும் வரிவரியான ஸ்டட்டும் இல்லாமல் அதை நிரூபிக்க முடியாது.

மெக்கானிக் பொறுப்பேற்க வேண்டியிராத இடங்கள்

டயர் மொட்டையாகிவிட்டது மாற்றுங்கள் என்று சொல்லியும் "அடுத்த மாசம் பார்க்கலாம்" என்று எடுத்துப் போனவர், டயர் வெடித்ததும் பட்டறையைக் குறை சொல்ல முடியாது. பஞ்சர் சைடு வாலில் (டயரின் பக்கவாட்டில்), ஒட்டக் கூடாது என்று சொல்லியும் வற்புறுத்தி ஒட்ட வைத்தவரும் அப்படியே. விலை குறைவு என்று எங்கிருந்தோ டூப்ளிகேட் பேடு வாங்கிவந்து மாட்டச் சொன்னவர் விஷயத்தில் பாதிப் பொறுப்பு அவருடையது. பாதி என்றுதான் சொல்வேன். ஆபத்தான பொருள் என்று தெரிந்தால் மாட்ட மறுக்க வேண்டியது கைத்தொழில் தெரிந்தவரின் கடமை.

ஆகவே மெக்கானிக் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. வாடிக்கையாளர் வேண்டாம் என்ற வேலையைப் பில்லிலேயே எழுதுங்கள்: "முன் டயர் இரண்டும் தேய்ந்துள்ளன, மாற்றச் சொல்லப்பட்டது, மறுத்தார்." பக்கத்தில் அவர் கையெழுத்து. இறுக்கிய நட்டுகளுக்குப் பெயிண்ட் கோடு போட்டு ஒரு படம் எடுத்து வையுங்கள். கழற்றிய பழைய பாகத்தை வாடிக்கையாளரிடமே கொடுத்தனுப்புங்கள்.